பாரம் இறக்கும் கல்

"கால விட்றாத இந்திராணி! ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடி. அரே, பத்தர் மாதிரி, கல்லு மாதிரி நிக்காத!"

ஷீலா சிஸ்டர் கத்திக்கொண்டே விசாலாட்சியின் கணுக்காலில் நரம்பைத் தேடினாள். கைகளில் நரம்பெல்லாம் அமுங்கிப்போயிருந்தன. இரண்டு கையிலும் குத்திப் பார்த்தாகிவிட்டது. இந்திராணி தன் மதினியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதன்மேல் உடம்பு முழுவதையும் சாய்த்திருந்தாள். அப்படியும் அந்தக் கால் உதறியது. ஒவ்வோர் உதறலுக்கும் பிரசவ மேசை சுவரில் போய் முட்டியது. முட்டிய இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து விசாலாட்சியின் தலைமயிரில் உதிர்ந்தது.

"ஐயோ... என்னைய அறுத்துப் போட்ருங்க... அறுத்துப் போட்ருங்க..."

"ஊசி ஏறிருச்சு. பாட்டில ஒசத்திப் புடி. ஜல்தி."

இந்திராணி பாட்டிலை உயர்த்திப் பிடித்தாள். அவள் போர்ட் பிளேரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் படிப்புப் படிக்கிறவள். கடல் தாண்டி எந்தத் தீவு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிறாய் என்று பள்ளியில் கேட்டபோது, மற்றப் பெண்கள் கப்பல் ஆட்டத்துக்குப் பயந்து பக்கத்துத் தீவுகளைச் சொன்னார்கள். இவள் மட்டும் தெற்கே, கடல் நல்லபடி இருந்தாலே இரண்டு நாள் பிடிக்கும் இந்த ரப்பர் தோட்டத் தீவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம் இருந்தது. சிலோன் மலைநாட்டிலிருந்து அவள் தாத்தா காலத்தில் அரசாங்கம் கொண்டுவந்து குடியேற்றிய வரிசை வீடுகளில், லயங்களில்தான் அவள் பிறந்தாள். சுனாமி அலை வந்து லயங்களை வாரிக்கொண்டு போனபிறகு, மேட்டில் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் அவள் அம்மா தனபாக்கியமும் அண்ணன் ராஜசேகரும் இருந்தார்கள். அண்ணன் மனைவி விசாலாட்சிக்கு ஒன்பதாம் மாதம். தான் கையில் ஏந்தும் முதல் பிள்ளை அண்ணன் பிள்ளையாக இருக்கட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் இந்திராணி கப்பலேறினாள்.

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை அவள் கை வைத்துப் பார்த்த முதல் வயிறே மதினியுடையதுதான். அதுவரை பொம்மையில் பழகியதோடு சரி. தலை எங்கே, முதுகு எங்கே என்று தடவிக் கண்டுபிடித்து, மரக்குழலை ஊன்றிக் காதை வைத்தபோது உள்ளே குடுகுடுவென்று ஓடியது.

"என்னாடி, தந்தி அடிக்குதா உள்ள?" என்று விசாலாட்சி சிரித்தாள்.

"பேசாம இருங்க மதினி. எண்ணணும்."

"எண்ணு, எண்ணு. அவுங்கப்பன் மாதிரி அவசரக் குடுக்கையா, தாத்தா மாதிரி நெதானமான்னு பாத்துச் சொல்லிரு."

அதே வயிறுதான் இன்று கட்டையாக இறுகிக் கிடந்தது. விரல் பதியவில்லை. இந்திராணி குழலை வைத்துக் கேட்டாள்; இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். ஷீலா சிஸ்டர் குழலைப் பிடுங்கித் தானும் கேட்டாள். பிறகு அதை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டாள்.

"ரத்தம் கொஞ்சமாத்தானே சிஸ்டர் வருது?"

"வெளிய கொஞ்சம். நஞ்சுக்கொடி பிச்சிக்கிட்டு உள்ள கொட்டுது. பச்சா, புள்ள போயிருச்சு இந்திராணி. இனிமே தாயத்தான் பாக்கணும். அதுக்கு ரத்தம் வேணும், டாக்டர் வேணும்."

டாக்டர் வேறு தீவில் இருந்தார். ஹெலிகாப்டருக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. மழைமேகம் மரத்தலையில் இடித்துக்கொண்டு நின்றது. மேகம் கலைந்தால்தான் கிளம்புவோம் என்று பதில் வந்திருந்தது.

"நைட்டிய வெட்டிரு. ஈரமா இருக்கு, குளிருது பாரு அவளுக்கு."

இந்திராணி கத்தரியை எடுத்துக் கீழிருந்து மேலாக வெட்டினாள். துணி இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வயிற்றின் வலது பக்கத்தில், தொப்புளுக்குச் சற்று தள்ளி, தடம் இருந்தது.

கை பட்ட தடமில்லை, தடி பட்ட தடமும் இல்லை. அம்புமுனை அம்புமுனையாக, ஒன்றின்கீழ் ஒன்றாக, அச்சில் வார்த்ததுபோலக் கருநீலத்தில் பதிந்திருந்தது. அந்த அம்புமுனைகளை இந்திராணிக்குத் தெரியும். போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் கடைக்காரன் கம்பூட்டைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டி, சேற்றுச் சரிவில் நின்றால் மனுஷன் வழுக்கவே மாட்டான் என்று சொல்லி விற்றான். முழங்கால் வரை வரும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். தோட்டத்தில் எல்லோருடைய கம்பூட்டும் தேய்ந்து மொழுக்கையாகிவிட்டவை. புதுசு அண்ணனுக்கு மட்டும்தான், அவள் வாங்கிவந்தது. அவள் வந்து இறங்கிய அன்று அவன் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு காலைத் தூக்கி, மாமனார் கண்ணையாவிடம் காட்டினான்: "பாருங்க மாமா, டிராக்டர் டயரு மாதிரி!" எல்லோரும் சிரித்தார்கள். விசாலாட்சிதான் அதிகம் சிரித்தாள்.

ஷீலா சிஸ்டரும் தடத்தைப் பார்த்தாள். "யாரு மிதிச்சது?"

விசாலாட்சி கண்ணைத் திறந்தாள். உதறல் நின்றிருந்தது. உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"இந்திரா..."

"மதினி, இங்கதான் இருக்கேன்."

"புள்ளய மட்டும் வெளிய எடுத்துரு புள்ள. உள்ளாற இருட்டா இருக்கும்."

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஊசி குத்திய இடங்களிலிருந்தெல்லாம் வந்தது. ஷீலா சிஸ்டர் மேசைமேல் ஏறி மண்டியிட்டு மார்பை அமுக்கினாள். மேசை மறுபடியும் சுவரை இடித்தது. கடைசியில் அவள் இறங்கி நின்று மூச்சு வாங்கினாள். இந்திராணி பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"போதும். கீழ வை," என்றாள் ஷீலா.

வெளியே சமையல் கொட்டகையில் யாரோ பருப்புக்குத் தாளிக்கிற வாசனை வந்தது.

*

தனபாக்கியம் வந்து மருமகள்மேல் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள். விசாலாட்சி அவளுக்கு மருமகள் மட்டுமில்லை. கூடப்பிறந்த அண்ணன் கண்ணையாவின் மகள். அலை அன்று கண்ணையாவின் மனைவியைக் கொண்டு போயிற்று. தாயில்லாப் பெண்ணைத் தலை பின்னி, சடங்கு சுற்றி, மகனுக்கே கட்டிவைத்தவள் தனபாக்கியம். அவள் அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டே அவள் கை போர்வையை இழுத்து வயிற்றின் வலது பக்கத்தை மூடியதை இந்திராணி கவனித்தாள்.

ஷீலா சிஸ்டர் முற்றத்துக்கு எதிரே இருந்த ஆபீசுக்குப் போன் பண்ணப் போனாள். போலீஸ் அவுட்போஸ்டுக்குச் சொல்ல வேண்டும். டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து எழுதித் தராமல் பிணத்தைக் கொடுக்க முடியாது என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள்.

தனபாக்கியம் மகளை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். அழுகை அறுந்து நின்றது.

"என்னா சொல்லிட்டுப் போறா அவ?"

"போலீஸ் வரும்மா. கம்பூட் தடம் இருக்கு வயித்துல."

"நீ என்னா சொன்ன?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. அண்ணன் எங்க?"

"தண்ணி டேங்குக்குக் கீழ ஒக்காந்திருக்கான். மண்டைய மண்டைய முட்டிக்கிறான்." தனபாக்கியத்தின் குரல் தணிந்தது. "ராவெல்லாம் மழ. செரட்டையில நின்ன ரப்பர் பாலெல்லாம் தண்ணியாப் போச்சு. அந்தக் கடுப்புல வந்தான், கொஞ்சம் குடிச்சும் இருந்தான். இவ சும்மா இல்லாம, நேரத்தோட போயிருந்தா பால எடுத்திருக்கலாம்லன்னா. ஒரே ஒரு தடவதான்டி. வேணும்னா மிதிப்பான்? எத்தன நாளு அவளுக்குச் சோறாக்கிப் போட்டிருக்கான்?"

"பூட்ஸு எங்கம்மா?"

தனபாக்கியம் கதவுப் பக்கம் திரும்பினாள். அவள் சேலை முந்தானை ஈரமாக இருந்தது. கரி வாசனை அடித்தது. ரப்பர் எரிந்த வாசனை தோட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு கண்ணையா வந்தார். பால் வெட்டும் வேலையில் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மனிதர். அழவில்லை. தோளில் கிடந்த துண்டில் எதையோ சுற்றிப் பிடித்திருந்தார்.

"இந்திராணி. எம் மக ஒங்கிட்ட ஏதோ கேட்டாளாமே."

"புள்ளய வெளிய எடுக்கச் சொன்னாங்க மாமா."

"சாகப்போறவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "வயித்துப் புள்ளையோட மண்ணுக்குக் குடுக்கக் கூடாது ஆயி. அந்தப் பாரம் அவளுக்கு எறங்கவே எறங்காது. அங்க சிலோன் மலையில ஒருத்திய அப்பிடியே பொதச்சிட்டாங்க. நான் சின்னப்பய. அந்தத் தேயிலக் காட்டு வழியா கொழுந்துக் கூடையோட போற பொம்பளைங்களுக்கெல்லாம் கழுத்து நோவு வந்திச்சி. பொறவு தோண்டி, பிரிச்சி, ரெண்டு குழியா வச்சி, வழியில ஒரு சொமதாங்கிக் கல்லு நட்டாங்க. போறவங்க வாறவங்க சொமைய அதுல எறக்கி வைக்க வைக்க, அவ பாரம் கொறஞ்சிச்சி."

அவர் துண்டைப் பிரித்தார். உள்ளே அவருடைய பால்வெட்டுக் கத்தி இருந்தது. நுனியில் கொக்கிபோல வளைந்த சின்னக் கத்தி. மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்திருந்தார். பிடியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"அந்தக் காலத்துல வெட்டியான் பண்ணுவான். இங்க யாரு இருக்கா? நீதான் படிச்சிருக்க. போலீசு வந்தா கப்பல்ல ஏத்திருவாங்க, எங்க கொண்டுபோயி என்னா பண்ணுவாங்களோ. அவ அம்மாளுக்கு நான் மண்ணும் குடுக்கல, கல்லும் நடல. கடல்ல எங்க கெடக்கிறாளோ. இவளுக்காவது மொறையாச் செஞ்சிடணும். இது மரத்துக்கு நோகாம வெட்டுற கத்தி ஆயி. ஒரு ரோமத்துக்கு மேல எறங்காது."

இந்திராணி கத்தியை வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர் அதை நீட்டிய விதம், கோயிலில் தட்டு நீட்டுகிறவரைப் போல இருந்தது. தவிர, எடுத்துரு என்று மதினி கேட்டது இவளிடம்தான்.

"நான் கூட இருக்கேன் அண்ணே. நீங்க வெளிய இருங்க. தகப்பன் பாக்கக் கூடாது," என்றாள் தனபாக்கியம்.

பிரசவ அறைக்குள் போனதும் தனபாக்கியம் தாழ்ப்பாளைப் போட்டாள். அலமாரிக்கு அடியிலிருந்து எனாமல் தட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். கோழி அடிக்கும்போது ரத்தம் பிடிக்க நிற்பாளே, அதே மாதிரி நின்றாள். இந்திராணி போர்வையை நீக்கினாள்.

மதினியின் வயிறு ஆறிப்போயிருந்தது. இடது கையை வைத்துப் பார்த்தாள். தலை இங்கே, முதுகு இங்கே. பொம்மையில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்படியே இருந்தது. கீழே நடுவில் ஒரு கோடு போட்டால் போதும். கத்தி முனையை அங்கே கொண்டுபோனாள். அவள் கை ஆடவில்லை. ஆடாதது அவளுக்கே பயமாக இருந்தது.

"அங்க இல்ல," என்றாள் தனபாக்கியம்.

"என்னாம்மா?"

"இந்தப் பக்கம் போடு. அந்தத் தடத்து மேலயே போடு. நல்லா அகலமா."

இந்திராணி அம்மாவைப் பார்த்தாள். அவள் தட்டைத் தடத்தின் பக்கமாக நகர்த்திப் பிடித்தாள்.

"அண்ணன்டி. ஒங்கூடப் பொறந்தவன். ஒன்னைய அலையில தோள்ல தூக்கிட்டு ஓடுனவன் அவன். மறந்துட்டியா? போனவ வரப்போறதில்ல. இருக்கிறவனயும் குடுத்துட்டு நான் யாரு கையால கொள்ளி வாங்குறது? போடுடி!"

மறக்கவில்லை. அன்று அண்ணனின் தோளில் கிடந்து பின்னால் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள். லயம் உருள்வதையும், மாமி, மதினியின் அம்மா, ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு போவதையும் பார்த்தாள். அவன் ஓடும்போது அவன் எலும்பு அவள் வயிற்றில் இடித்துக்கொண்டே வந்தது. அந்த வலிகூட நினைவிருந்தது. அந்தக் கால்கள் இல்லையென்றால் அவள் இல்லை.

அவள் கத்தியைத் தடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அம்புமுனைகள் நேராக மேல் நோக்கிக் காட்டின. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பஜாரில் அவளும் கடைக்காரனைப் போலவே அதன்மேல் விரலை ஓட்டி, ஆழம் போதுமா என்று பார்த்திருக்கிறாள்.

கத்தியை மேசையின் கால்மாட்டில் வைத்தாள். போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். தனபாக்கியம் பாய்ந்து அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாள். தட்டு தரையில் விழுந்து சுழன்று சத்தம் போட்டது. தலை பின்னால் வளைந்தபடியே இந்திராணி கதவைத் திறந்தாள்.

"மாமா. உள்ள வாங்க."

"எடுத்திட்டியா?"

"இல்ல. நீங்க வந்து பாக்கணும்."

கண்ணையா வாசற்படியில் நின்று தங்கையைப் பார்த்தார், தங்கையின் கையிலிருந்த பின்னலைப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போனார். குனிந்தார். மரத்தில் பட்டை எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறவரைப்போல மிக அருகே குனிந்து பார்த்தார்.

"டிராக்டர் டயரு மாதிரி," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை.

நிமிர்ந்தபோது கத்தி அவர் கையில் இருந்தது. அந்தச் சாய்ந்த முதுகோடு அவர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

தண்ணீர் டேங்கின் அடியில் ராஜசேகர் வெறுங்காலோடு குந்தியிருந்தான். மாமனார் வருவதைப் பார்த்து எழுந்தான்; ஓடவில்லை. முதல் வெட்டு அவன் முன்கையில் விழுந்தது. இரண்டாவது தோளில். கொக்கி சதையில் மாட்டிக்கொள்ள, கண்ணையா அதைப் பிடித்து இழுத்தார். ராஜசேகர் கூடவே இழுபட்டு முகங்குப்புற விழுந்தான். அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கண்ணையா அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். கழுத்து தெரிந்தது.

"மிதிடா! இப்ப மிதிடா பாக்கலாம்!"

"விட்றாதீங்க மாமா," என்றான் ராஜசேகர். மண் அப்பிய வாயால் சொன்னான். "முடிச்சிருங்க."

இந்திராணி பின்னாலிருந்து வந்து கத்தியைப் பிடித்தாள். பிடியைப் பிடிக்கத்தான் போனாள், கிடைத்தது அலகு. கண்ணையா இழுத்தார். உள்ளங்கையில் முதலில் குளிர்ந்தது, பிறகு சுட்டது. அவள் விடவில்லை.

"மாமா, இது எங்கையி. எங்கையி மாமா! பாருங்க!"

அவர் பார்த்தார். அவருடைய முழங்கை வரை அவள் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் பிடி தளர்ந்தது. அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. மருமகன் முதுகின்மேலேயே உட்கார்ந்துகொண்டு அழுதார்.

அவுட்போஸ்ட் ஏட்டு வந்தபோது அடிதடி முடிந்திருந்தது. ஆனாலும் வந்ததற்கு கூடி நின்றவர்களில் நாலு பேரை லத்தியால் தட்டினார். ராஜசேகரைத் தூக்கி நிறுத்தியபோது தனபாக்கியம் குறுக்கே வந்தாள். ஏட்டை விட்டுவிட்டு மகளின் முன்னால் நின்றாள். அறைத் தரையிலிருந்து எடுத்துவந்திருந்த எனாமல் தட்டால் இந்திராணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

"காட்டிக் குடுத்திட்டியேடி. ஒன்னைய அன்னைக்கே அலையோட விட்டிருக்கணும்டி அவன்."

*

கையைத் தைத்தது ஷீலா சிஸ்டர்.

"கத்திய யாராவது அலகுல புடிப்பாங்களா? என்ன சொல்லிக் குடுக்குறாங்க ஒங்களுக்கெல்லாம் ஸ்கூல்ல? ஹிலாவ் மத். ஆட்டாத." தைத்து முடிக்கிற வரை திட்டிக்கொண்டே இருந்தாள். நூலை வெட்டிய பிறகு, "நான் வேணும்னா போன் பண்ணிச் சொல்றேன். வேற தீவுக்கு மாத்திக்க. சீனியர் மேடம் தெரிஞ்சவங்கதான்," என்றாள்.

"வேணாம் சிஸ்டர்."

"இங்க இருந்தா ஒங்கம்மா தெனம் அடிக்கும்."

"அடிக்கட்டும். ஒன்பதாம் நம்பர் வீட்ல ஒருத்தங்களுக்கு மாசம் ஆயிருச்சு. இன்னைக்கோ நாளைக்கோ வருவாங்க."

ஷீலா சிஸ்டர் அவளைப் பார்த்துவிட்டுத் தையல் தட்டைக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை மேகம் விலகியது. விசாலாட்சிக்காகக் கேட்ட ஹெலிகாப்டர் வந்தது. அதிலிருந்து மெயின்லேண்டுக்காரப் பெண் டாக்டர் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். இந்திராணியைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். ஏட்டு, இந்திராணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டதில் கையெழுத்துக் கேட்டார். வலது கை முழுக்கக் கட்டு. இந்திராணி இடது பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு அழுத்தினாள். அவளுடைய தாத்தா கப்பலேறும்போது வைத்தாராம் அப்படி; அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் ரேகை வைத்ததில்லை.

டாக்டர் உள்ளே போகுமுன் கதவடியில் இந்திராணி நின்றாள். என்னவோ சொல்ல வந்தாள். இந்தியில் அதற்கு வார்த்தை வரவில்லை. ஷீலா சிஸ்டர்தான் எடுத்துச் சொன்னாள். டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே கேட்டாள். அது எப்படியும் செய்ய வேண்டியதுதான், பிள்ளையைத் தனியாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு, "தனித் துணி இருக்கிறதா?" என்று கேட்டாள்.

இந்திராணி தயாராக வைத்திருந்தாள். போர்ட் பிளேரிலிருந்து பூட்ஸோடு சேர்த்து வாங்கிவந்த மஞ்சள் பூப்போட்ட குழந்தைத் துண்டு.

கண்ணையா வேப்பமரம் போன்ற ஒரு காட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர்மேலும் கேஸ் என்று ஏட்டு சொல்லியிருந்தார். அடக்கம் முடியட்டும் என்று விட்டுவைத்திருந்தார். இந்திராணி கட்டுப்போட்ட கையைக் கீழே கொடுத்து, மற்றக் கையால் அணைத்து, துண்டுப் பொதியைக் கொண்டுவந்தாள். அவள் கையில் ஏந்திய முதல் பிள்ளை. அவர் வாங்கிக்கொண்டார்.

"கனமாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "என்னா புள்ள?"

"பொம்பளப் புள்ள மாமா."

அவர் துணியை விலக்கி நெற்றியை மட்டும் பார்த்தார். "அலையில போன அவ அம்மாயி நெத்தி," என்றார்.

இரண்டு குழியாக வைத்தார்கள்.

*

கல் கிடைப்பது சிரமமாக இல்லை. கப்பல் வந்து அணைந்த, அலை உடைத்துப் போட்ட பழைய ஜெட்டியின் கான்கிரீட் பலகைகள் கரையில் இன்னும் குப்புறக் கிடந்தன. கண்ணையா அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஏட்டும் தோட்டத்து ஆட்களும் கயிறு போட்டு இழுத்தார்கள். இரண்டு கம்பத் துண்டுகளை நட்டு மேலே பலகையை ஏற்றினார்கள். வீடுகளிலிருந்து ஜெட்டிக்கு இறங்கும் பாதையில், ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, வளைவில் நின்றது. நிற்கிற ஆளின் மார்பு உயரம். பலகையின் ஓரத்தில் துருப்பிடித்த கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணையா அதை அடித்து மடக்கினார். யார் தோளும் கிழியக் கூடாது என்றார். மேலே மஞ்சளைக் குழைத்து அப்பிப் பொட்டு வைத்தார்.

கப்பல் திங்கட்கிழமை வந்தது. இந்திராணி வந்திறங்கிய அதே கப்பல். ராஜசேகரையும் கண்ணையாவையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகிறார்கள். இருவரையும் ஏட்டு ஒரே கயிற்றில் கட்டவில்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நடத்திக்கொண்டு போனார். ராஜசேகர் கையில் கட்டோடும் காலில் யாரோ கொடுத்த செருப்போடும் போனான். வளைவில் கல்லுக்கு நேராக வந்தபோது அவன் நடை நின்றது. ஏட்டு தள்ளினார், போனான். பின்னால் வந்த கண்ணையா பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்துகொண்டு போனார்.

இந்திராணி ஆஸ்பத்திரி வராந்தாவில் கொதித்த துணிகளைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் பிழிய வரவில்லை. ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு பிழிந்தாள்.

கொஞ்சம் கழித்துத் தனபாக்கியம் வந்தாள். மகனோடு அவளும் கப்பலேறுகிறாள். தலையில் பெரிய வெள்ளைத் துணி மூட்டை. அவன் சட்டைகள், ஒரு கம்பளி, ரொட்டி, தேங்காய்ச் சம்பல் டப்பா; சம்பல் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. கனம் தாங்காமல் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேட்டிலிருந்து ஒரே மூச்சாக இறக்கத்தில் வந்திருக்கிறாள், பாதை ஈரம். ஒரு கை மூட்டையில், ஒரு கை இடுப்புப் பையில். பாதையில் வேறு ஆள் இல்லை.

வளைவுக்கு வந்ததும் நின்றாள். கல்லைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். கப்பல் ஒரு முறை ஊதியது.

தனபாக்கியம் மெல்லத் திரும்பி, தலையைச் சாய்த்து, மூட்டையைப் பலகையின்மேல் இறக்கினாள். அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். முதுகு ஏறி ஏறி இறங்கியது. மூச்சா, அழுகையா, வராந்தாவிலிருந்து தெரியவில்லை.

இந்திராணி துணியை வாளியில் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். பக்கத்தில் போய் நின்றாள். தனபாக்கியம் நிமிர்ந்தாள், மகள் கன்னத்தில் தட்டின் விளிம்பு பட்ட வீக்கம் இன்னும் வற்றவில்லை. அதைப் பார்த்தாள். பிறகு சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கொடுத்தாள்.

இந்திராணி நல்ல கையாலும் கட்டுப்போட்ட கையின் மணிக்கட்டாலும் மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட்டாள். கப்பல் மறுபடி ஊதியது. தனபாக்கியம் இறக்கத்தில் நடந்தாள்.

பலகையில் மூட்டை இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது. மழைக் காற்றில் காயாதிருந்த மஞ்சள் முழுக்க மூட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு, வெள்ளைத் துணியில் பெரிய வட்டமாக, ஜெட்டி வரைக்கும் தெரிந்துகொண்டே போயிற்று.

"இந்திராணி!" ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து ஷீலா சிஸ்டர் கூப்பிட்டாள். "ஒன்பதாம் நம்பர் வந்திருக்கு. கையக் கழுவிட்டு வா, ஜல்தி!"